பதிவேட்டில் எழுதப்பட்ட பால்

இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் வெறும் இலக்கமன்று. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். ஜனவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு அது 001. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 501. பெண்களுக்கு 500ஐக் கூட்டி எழுதுவது விதி. 2016இல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய முறை வந்தபோதும் இந்த 500 போகவில்லை. பெயரையோ படத்தையோ பாராமல், இலக்கத்தை மட்டும் வாசித்தே ஒருவரை அரசு ஆணென்று எழுதியிருக்கிறதா பெண்ணென்று எழுதியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

கொழும்பில் இது ஒரு சுவாரசியமான தகவலாக மட்டும் இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படியன்று. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அந்தச் சிறிய அட்டை, போர்க்காலத்தில் இங்கு உயிரின் அனுமதிச் சீட்டாகவே மாறிப்போனது. சோதனைச் சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு இன்னொரு வரிசை. அட்டையிலுள்ள முகமும் அட்டையை நீட்டுபவரின் முகமும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அக்காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆணென்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழும் ஒருவர் அங்கு எந்த வரிசையில் நிற்பது? எந்த வரிசையில் நின்றாலும் அவர் ஏதோ ஒன்றை மறைப்பவராகவே கருதப்படுவார்.

2016 மே 31ஆந் திகதி சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. திருநர்களுக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்குவது பற்றியது அது. மனநல மருத்துவர் ஒருவர் ஆளை மதிப்பிட்டு, ஹோர்மோன் சிகிச்சைக்கும் தேவையான சத்திர சிகிச்சைக்கும் அனுப்பி, புதிய பால்நிலையில் அவர் வாழத் தொடங்கிவிட்டார் என உறுதிப்படுத்திச் சான்றிதழ் கொடுக்கலாம். அதே ஆண்டில் பதிவாளர் நாயகமும் ஒரு சுற்றறிக்கை விட்டார். சான்றிதழைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்தலாம்; பின்னர் அடையாள அட்டையையும் மாற்றலாம். பாராளுமன்றத்தில் விவாதமில்லை, சட்டமில்லை; இரண்டு சுற்றறிக்கைகள் மட்டுமே. அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்தில் திருநர்கள் தமக்கென வலையமைப்பை அமைத்து, 2020களில் வீதியில் வானவில் கொடியோடு நடந்தபோது அது வலுத்தது. இது மேற்கிலிருந்து வந்த சரக்கு, தொண்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் கூத்து என்றனர் ஒரு சாரார். மனித உரிமைக்கு மண்ணும் மரபும் எதற்கு என்றனர் மறு சாரார். இரு சாராரும் ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் வியப்பு. ஒருவரின் பாலைச் சட்டம் எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்வியே 2016இல்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது என்பது அந்த அனுமானம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தின் மரபுச் சட்டமே பாலின் மீது கட்டப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் முதுசமும் சீதனமும் வேறு வேறு வழிகளில் செல்பவை. பிறந்தது ஆணா பெண்ணா என்பது எந்தக் காணி யாருக்கு என்பதையும் கூடவே தீர்மானித்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண், தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. ஆக, பதிவேட்டிலுள்ள ‘ஆண்’, ‘பெண்’ என்ற சொல் இங்கு வெறும் வருணனையன்று. உறுதியில் யார் கையொப்பமிடலாம் என்பதற்கான விதி அது.

அதே மண்ணில், சோனகத் தெருவிலும் வண்ணார்பண்ணையிலும் வாழ்ந்த முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு இன்னொரு சட்டம் இருந்தது. 1806இல் பிரித்தானியர் தொகுத்த முகம்மதியச் சட்டக்கோவை முதலில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டுமாயிருந்து, 1852இல் முழுத் தீவுக்கும் விரிக்கப்பட்டது. பின்னர் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அந்தக் கோவையின் வாரிசுரிமை விதிகளை ஒதுக்கிவிட்டு மிகச் சுருக்கமாக ஒன்றைச் சொன்னது. மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்துக்கு, அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் முஸ்லிம் சட்டமே பொருந்தும். இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். ஆகவே ஷாபிஈ பிக்ஹின் பராயிழ் அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் வழியாக இலங்கைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதனோடு சேர்ந்து, யாரும் கவனியாமலே, ‘குன்ஸா’ என்ற சொல்லும் வந்துவிட்டது.

ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒருங்கே உள்ளவர், அல்லது இரண்டில் எதுவென்று தெளிவாகாதவர் குன்ஸா. எந்த அடையாளத்தாலும் தீர்க்க முடியாதவர் ‘குன்ஸா முஷ்கில்’. பிக்ஹு நூல்கள் இவரை ஓர் அடிக்குறிப்பில் கடந்து போவதில்லை. தொழுகை வரிசையில் எங்கே நிற்பது, ஹஜ்ஜில் என்ன உடுப்பது, மரணித்தால் யார் குளிப்பாட்டுவது என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் தேடி விடை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்களின் வரிசைக்கும் பெண்களின் வரிசைக்கும் இடையே குன்ஸாவுக்கு ஒரு வரிசை உண்டு. இடம் இடையில்தான், ஆனால் பள்ளிக்குள்தான்.

இந்த விதியின் பிறப்பைப் பற்றி இப்னு ஹிஷாமின் சீறாவில் ஒரு கதை வருகிறது. இஸ்லாத்துக்கு முந்திய அரபிகளின் மதிப்பார்ந்த நீதிபதி ஆமிர் இப்னு ழரிப் அல்அத்வானி. அவர் முன் ஒரு குன்ஸாவின் வழக்கு வந்தது. ஆணாகக் கொள்வதா, பெண்ணாகக் கொள்வதா? அவருக்கு விளங்கவில்லை. அவகாசம் கேட்டுக்கொண்டு இரவு முழுக்க உறக்கமின்றிப் புரண்டார். அவருடைய ஆடுகளை மேய்க்கும் சுகைலா என்ற அடிமைப்பெண் காரணம் கேட்டாள். காலையில் தாமதித்துப் போவதற்கும் மாலையில் தாமதித்து வருவதற்கும் தினமும் அவரிடம் ஏச்சு வாங்குபவள் அவள். முதலில் எரிந்து விழுந்தவர், பிறகு இவளிடம் சொல்லித்தான் பார்ப்போமே என்று சொன்னார். சிறுநீர் கழியும் வழியைக் கொண்டு தீர்த்துவிடுங்கள் என்று அவள் எளிதாகச் சொல்லிவிட்டாள். இனி நீ எவ்வளவு தாமதித்தாலும் உன்னை ஒன்றும் சொல்லேன் என்றாராம் நீதிபதி. அந்த அளவுகோலையே பின்னாளில் பிக்ஹும் ஏற்றுக்கொண்டது. அரபுலகின் ஒரு பெரிய சட்டப் பிரச்சினையைத் தீர்த்தவள் ஆடு மேய்த்த ஓர் அடிமைப்பெண் என்பதை நம்மவர் அதிகம் சொல்வதில்லை.

அந்த அளவுகோலும் தோற்றுப்போகும் இடத்தில்தான் இமாம்களின் கணக்கு தொடங்குகிறது. ஒருவர் ஒரு மகனையும் ஒரு குன்ஸா முஷ்கிலான பிள்ளையையும் விட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஆணாயின் இருவருக்கும் பாதிப் பாதி. பெண்ணாயின் மகனுக்கு மூன்றில் இரண்டு, மற்றவருக்கு மூன்றில் ஒன்று. ஹனபி மத்ஹப் குன்ஸாவுக்கு இரண்டில் குறைந்ததைக் கொடுத்து வழக்கை முடித்துவிடுகிறது; அவருக்கு மூன்றில் ஒன்று. மாலிகி மத்ஹப் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறது. அவருக்கு பன்னிரண்டில் ஐந்து, சகோதரனுக்கு ஏழு. நமது ஷாபிஈ மத்ஹபின் வழி வேறு. ஒவ்வொருவருக்கும் எது நிச்சயமோ அதை மட்டும் இப்போது கொடு என்கிறது. குன்ஸாவுக்கு எப்படியும் மூன்றில் ஒன்று உண்டு, அதைக் கொடு. சகோதரனுக்கு எப்படியும் பாதி உண்டு, அதைக் கொடு. மிஞ்சுகிற ஆறில் ஒரு பங்கை நிறுத்தி வை. தெளிவு பிறக்கும்வரை, அல்லது இருவரும் சமரசம் செய்துகொள்ளும்வரை, அது யாருக்கும் சொந்தமில்லை.

எனக்கு இந்த ஆறில் ஒரு பங்கு மிகவும் பிடித்திருக்கிறது. தனக்குத் தெரியாது என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டு, அந்தத் தெரியாமைக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறது. தெரியவில்லை என்பதற்காக ஆளை வெளியே தள்ளவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பாவனை செய்யவுமில்லை.

பராயிழ் நூல்களைப் புரட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். குன்ஸாவின் அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர் ‘மஃப்கூத்’, அதாவது காணாமற்போனவர். உயிரோடிருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரின் பங்கையும் இதே முறையில்தான் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் பங்கும் அவ்வாறே. நிச்சயமின்மையில் வாழும் மூவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அறிவு அது. இலங்கை அரசு 2016இல், 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ வழங்க ஏற்பாடு செய்தது. தன் பிள்ளை இறந்துவிட்டான் என்று கையொப்பமிட மறுத்த வடக்குத் தாய்மாருக்கு அதுவரை ‘உயிருடன்’, ‘மரணம்’ என்ற இரண்டு கட்டங்களே இருந்தன. அதே ஆண்டிலேயே பால்நிலைச் சான்றிதழும் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தமை தற்செயலாயிருக்கலாம். ஆனால் இரண்டு கட்டங்களில் எதற்குள்ளும் அடங்காத மனிதர்களை என்ன செய்வது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. பழைய பராயிழ் ஆசிரியர்களுக்கு இது ஆச்சரியமாயிருந்திராது.

தமிழ் இலக்கணத்துக்கும் இந்தச் சங்கடம் புதிதன்று. ஆண்மை திரிந்த பெயரைத் தொல்காப்பியர் உயர்திணையில் வைக்கிறார். அதற்கெனத் தனியே பாலறியும் ஈறு இல்லை என்கிறார். ஆண்பால் வினையோடு அது முடியாது என்றும் சொல்கிறார். வந்தானா, வந்தாளா என்று இன்று பத்திரிகைகள் தடுமாறுகின்ற இடத்தில் அவர் அன்றே நின்று யோசித்திருக்கிறார். நிற்க.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குன்ஸாவைக் காட்டி, பிக்ஹு இன்றைய திருநர்களை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. குன்ஸா உடலின் தெளிவின்மை பற்றிய சொல். உடல் தெளிவாக இருந்தும் உள்ளம் வேறாக உணர்வது பற்றிப் பேச வேண்டுமானால் ‘முகன்னஸ்’ என்ற வேறொரு சொல்லுக்குத்தான் போக வேண்டும். அதுவும் முற்றாகப் பொருந்துவதில்லை. நடையிலும் குரலிலும் பெண்தன்மை கொண்ட ஆண்களை அச்சொல் குறித்தது. நபி (ஸல்) அவர்களின் மதீனாவில் அவர்கள் இருந்தார்கள். கையிலும் காலிலும் மருதாணியிட்ட ஒருவர் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டதையும், அவரைக் கொன்றுவிடலாமா என்று கேட்கப்பட்டபோது, தொழுகையாளிகளைக் கொல்வது தனக்குத் தடுக்கப்பட்டுள்ளது என்று நபியவர்கள் மறுத்ததையும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். நமது மத்ரஸாக்களில் மின்ஹாஜ் மூலம் அறிமுகமான இமாம் நவவி (மரணம் 1277), முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பின் விரிவுரையில் இவர்களை இரண்டாகப் பிரிக்கிறார். படைப்பிலேயே அவ்வாறு அமைந்தவர் ஒருவர். அவர் மீது பழியுமில்லை, பாவமுமில்லை, தண்டனையுமில்லை. வேண்டுமென்றே பாவனை செய்பவர் இன்னொருவர், கண்டனம் அவருக்கே. இந்தப் பிரிவினை 2016இன் சுற்றறிக்கையை நியாயப்படுத்திவிடாது. ஆனால் ‘எல்லாம் நடிப்பு’ என்று மிம்பரிலிருந்து ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதையும் அது அனுமதிக்காது.

இரண்டு கட்டங்களுக்குள் அனைவரையும் அடைத்த காகித ஒழுங்கு எங்கிருந்து வந்தது? 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு இலங்கையில் குடியியற் பிறப்புப் பதிவு தொடங்கியது. அதன் வழிவந்ததே இன்றைய 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பதிவேட்டில் பால் என்றொரு நிரல். அதில் ஏதேனும் ஒன்றை எழுதியாக வேண்டும். நிறுத்தி வைப்பதற்கு அங்கே இடமில்லை. இதே பிரித்தானியர் வட இந்தியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பதியப்பட்டவர் பொதுவிடத்தில் பெண்ணுடை அணியலாகாது, சிறுவருக்குப் பாதுகாவலராகலாகாது, நன்கொடை கொடுக்கலாகாது, மரணசாசனம் எழுதலாகாது, பிள்ளை தத்தெடுக்கலாகாது. குன்ஸாவுக்குச் சொத்தில் எவ்வளவு சேர வேண்டும் என்று பின்னக்கணக்குப் போட்ட சட்டத்தையும், இருந்த சொத்தைக்கூட எழுதிக் கொடுக்க முடியாதவராக்கிய சட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேற்கிலிருந்து இறக்குமதியானது எது என்பதில் ஒரு குழப்பம் வரத்தான் செய்யும்.

இலங்கையில் அந்தச் சட்டம் இருக்கவில்லை. ஆனால் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் இருந்தன. கோவையின் 365, 365அ பிரிவுகளைப் பலரும் அறிவர். அதிகம் பேசப்படாதது 399ஆம் பிரிவு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பற்றியது அது. பெண்ணுடையிலுள்ள திருநங்கை அட்டையில் ஆணாயிருந்தால் அவர் ஆள்மாறாட்டக்காரராகிவிடுகிறார். இப்பிரிவுகள் திருநர்கள் மீது பயன்படுத்தப்படுவதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது.

காகிதம் பற்றி வடக்கு முஸ்லிம்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அவ்வாறு வெளியேறினர். காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். 2009க்குப் பின் திரும்பி வந்தபோது நீ இந்த ஊரான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டது. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தான் யாரென்று ஒரு கந்தோருக்கு நிரூபிக்க வேண்டிய நிலை. இடம்பெயர்ந்தவர்களின் காணியுரிமை காலாவதியாகாமலிருக்க விசேட சட்டமொன்று வருவதற்கு 2016 ஆனது. திருநர்களின் நிலையும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் காகிதம் ஒருவரை மறுக்கும்போது அந்த மறுப்பு எப்படிப்பட்டது என்பதை உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு சமூகம் உண்டென்றால் அது நாம்தான்.

முஸ்லிம் உலகில் இந்த விவாதம் ஒரே திசையில் போகவில்லை. ஈரானில் ஆயத்துல்லாஹ் கொமெய்னி 1964இலேயே தம் நூலில் பால்மாற்றச் சிகிச்சையைத் தடையில்லை என்று எழுதினார். 1980களில் மர்யம் முல்காரா என்ற திருநங்கை நேரில் சென்று முறையிட்டபின் அதற்குப் பத்வாவும் கொடுத்தார். எகிப்தில் அல்அஸ்ஹர் மருத்துவ மாணவர் ஒருவர் சத்திர சிகிச்சை செய்து ஸாலி எனப் பெயர் சூடியபோது, அன்றைய முப்தி ஸெய்யித் தந்தாவி 1988இல் கொடுத்த பத்வா மறைந்திருக்கும் பாலை வெளிக்கொணரும் சிகிச்சையை அனுமதித்தது, வெறும் விருப்பத்துக்காகச் செய்வதைத் தடுத்தது. இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக அதை வாசித்துக்கொண்டன. 1989இல் மக்காவிலுள்ள ராபிதாவின் பிக்ஹு மன்றம், தெளிவான உடலுள்ளவரின் பாலை மாற்றுவது கூடாது, குன்ஸாவுக்குச் சிகிச்சை ஆகும் என்று முடிவு செய்தது.

நமக்கு மிக நெருக்கமான பாடம் பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கு 2018இல் இயற்றப்பட்ட சட்டம், தான் உணரும் பால்நிலையிலேயே பதிவு பெறும் உரிமையைக் கொடுத்தது. அதன் 7ஆம் பிரிவு வாரிசுரிமை பற்றியது. இரண்டிலும் அடங்காதவருக்கு ஆணின் பங்கையும் பெண்ணின் பங்கையும் கூட்டிச் சராசரி எடுக்கச் சொன்னது அது. மாலிகி இமாம்களின் அதே கணக்கு, நவீன சட்டமொழியில். 2023 மே 19ஆந் திகதி கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அந்த 7ஆம் பிரிவையும், உணரும் பால்நிலையை ஏற்கும் பிரிவுகளையும் ஷரீஅத்துக்கு முரண் என்று தள்ளியது. குன்ஸாக்களுக்கு உள்ள உரிமைகளை அது மறுக்கவில்லை. கழிப்பறைகளைப் பற்றியும் உடைகளைப் பற்றியும் ஊடகங்கள் எவ்வளவுதான் இரைந்தாலும், முஸ்லிம் சட்டம் உள்ள நாட்டில் வாதம் வந்து நிற்கும் இடம் பாகப்பிரிவினைதான்.

இலங்கை அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2023 மேயில் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2024 ஜூனில் பால்நிலை சமத்துவச் சட்டமூலத்துக்கோ விசேட பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. எஞ்சியிருப்பவை 2016இன் சுற்றறிக்கைகள்தாம். ஒரு சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கை நீக்கிவிடலாம் என்பது ஒரு பலவீனம். மற்றது, அவை ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குச் செல்லும் வழியை மட்டுமே காட்டுகின்றன. குன்ஸா முஷ்கிலுக்குப் பள்ளியில் ஒரு வரிசை இருந்ததைப் போல பதிவேட்டில் ஒரு நிரல் இல்லை.

சோனகத் தெருவில் காணியுள்ள ஒருவர் மரணசாசனமின்றி இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் சுற்றறிக்கையின்படி பதிவைத் திருத்தியவர். மகளாய்ப் பதியப்பட்டு மகனானவர், அல்லது மகனாய்ப் பதியப்பட்டு மகளானவர். 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஷாபிஈ சட்டத்தைப் பார் என்கிறது. ஷாபிஈ சட்டம் உடலைப் பார் என்கிறது. மாவட்ட நீதிபதியின் மேசையிலுள்ள திருத்திய பிறப்புச் சான்றிதழ் வேறொன்றைச் சொல்கிறது. சகோதரர்கள் பழைய சான்றிதழின் பிரதியை வைத்திருப்பார்கள். எந்தக் காகிதத்தைக் கொண்டு பங்கு பிரிப்பது என்பதற்கு இரண்டு சுற்றறிக்கைகளிலும் விடை இல்லை. முஸ்லிம் தனியார் சட்டத் திருத்தம் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்கள் விவாக வயதையும் காழிமாரையும் சுற்றியே நிற்கின்றன. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கம் அவை திரும்பவில்லை. அப்படி ஒரு வழக்கு வரும் நாளில், நீதிபதி யாருக்கும் நிச்சயமானதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நிறுத்தி வைப்பாரா, அல்லது அடையாள அட்டையின் 500ஐப் பார்த்துப் பிரித்துவிடுவாரா?